அஞ்சாலை குடிவரும் தொட்டி: கைமாறிய உப்புநீர் மீன்தொட்டிக்கு வடிகட்டி அமைப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு மாற்றுகிறவர்களிடமிருந்து உப்புநீர் மீன்தொட்டி கைமாறி வரும்போது பெரும்பாலும் ஸ்டாண்டு, மோட்டார், பாறைகளோடு ஒரு ஈல் மீனும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கடைக்காரர்கள் 'ஸ்னோஃப்ளேக் ஈல்' என்பார்கள். நம் கடலோர மீனவர்கள் அஞ்சாலை என்று சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. வெளிர் உடம்பில் கரும் திட்டுகளும் மஞ்சள் புள்ளிகளும் இருக்கும். தொட்டியிலேயே 2 அடிக்கு மேல் வளரும். நண்டு, இறாலின் ஓட்டை நொறுக்குவதற்கென்றே மழுங்கிய பற்கள் கொண்டது.

இதற்கு வடிகட்டி வாங்கும்போது அட்டைப்பெட்டி மேல் '300 லிட்டர் தொட்டிக்கு' என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது. தண்ணீரின் அளவைவிட, ஈல் தின்னும் அளவுதான் இங்கே கணக்கு. 15 கிராம் இறால் ஒரு வேளை உணவு என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 3 கிராம் புரதம், அந்தப் புரதத்தில் ஏறக்குறைய அரை கிராம் நைட்ரஜன். உடம்பில் தங்குவது போக, பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்கு வந்துவிடும். 250 லிட்டரில் அரை கிராம் என்றால் லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு! கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அந்த அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கு, பிஎச் 7 உள்ள நன்னீரைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. தங்கமீன் தாங்கிக்கொண்டதை ஈல் தாங்காது.

வானொலியில் படம் காட்ட முடியாது. ஒரு தொட்டியைச் சொல்லாலேயே கட்டிவிடுவோம். 120 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். விளிம்பு வரை 243 லிட்டர். கண்ணாடி, பாறையோடு சேர்த்து 350 கிலோவைத் தொடும். பழைய ஸ்டாண்டில் துருவோ, ஊறி உப்பிய பிளைவுட்டோ கண்ணில் பட்டால் ஸ்டாண்டை விட்டுவிடுங்கள்.

தொட்டியைச் சாதாரணத் தண்ணீரால் நிரப்பி, சமதளத்தில் 48 மணி நேரம் விட்டுப் பாருங்கள். மூலைகளில் உள்ள சிலிக்கான் நகத்தால் சீண்டினாலே உரிந்து வந்தால் முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டியாக வேண்டும். காய்ந்த பழைய சிலிக்கான்மேல் புதியது பிடிக்காது. மேலோட்டமாகப் பூசி ஒப்பேற்றிய தொட்டிதான் நடுராத்திரியில் ஒழுகும்.

முன்பிருந்தவர் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து ஊற்றியிருந்தாரா என்று கேளுங்கள். சுண்ணாம்பு வகைப் பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி வைத்து, பிறகு மெல்லக் கசியவிடும். செதில் இல்லாத ஈலுக்கு அது ஆகாது. தாமிரச் சோதனைக் கிட் ஒன்று போதும். இன்னொன்று, தொட்டியோடு அலங்காரமாக உண்மையான பவளத் துண்டுகளைத் தந்தால் வாங்காதீர்கள். 2001 முதல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இனி வடிகட்டி. ஈலுக்கு என் முதல் தேர்வு, தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப் என்னும் திறந்த வடிகட்டித் தொட்டி. கேனிஸ்டர் என்னும் மூடிய டப்பா வடிகட்டியும் ஓடும்தான். ஆனால் மூடிய டப்பாவுக்குள் மின்வெட்டின்போது ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா சாகத் தொடங்கும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் அப்படியே தொட்டிக்குள் இறங்கும். சம்ப் திறந்து கிடப்பதால் அந்தச் சிக்கல் குறைவு.

சம்புக்குத் தொட்டியில் துளை போட வேண்டும். போடுவதற்கு முன் கண்ணாடி டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய வகையா என்று பார்த்தே தீர வேண்டும். டஃபன்டு கண்ணாடி துரப்பணம் பட்டவுடன் தூள்தூளாகிவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் திரையோடு லேப்டாப்பை வைத்து, போலராய்ட் கண்ணாடி அணிந்து பாருங்கள். கரும்பட்டைகளும் கோலங்களும் தெரிந்தால் கை வைக்காதீர்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் பின்பக்க மேல்பகுதியில் இரண்டு துளைகள், இரண்டிலும் 1 அங்குல டேங்க் கனெக்டர். ஒன்று ஓடும் குழாய். மற்றது சற்று உயரத்தில், முதலாவது அடைத்தால் மட்டும் தண்ணீர் வாங்கும் காவல் குழாய்.

சம்ப் 75 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம். தண்ணீர் மட்டம் 25 சென்டிமீட்டர். மேலிருந்து வரும் தண்ணீர் முதலில் 200 மைக்ரான் துளையுள்ள வடிகட்டிப் பைக்குள் விழட்டும். இறால் துணுக்கு, ஓட்டுத்தூள், கழிவு எல்லாம் அங்கே நிற்கும். பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விட்டுவைத்தால் பிடித்த அழுக்கு அதிலேயே கரைந்து அம்மோனியாவாகித் திரும்பி வந்துவிடும். அடுத்த அறையில் ஸ்கிம்மர், அதாவது நுண்குமிழி நுரையால் கழிவைப் பிரித்துக் கோப்பையில் சேர்க்கும் கருவி. அதன்பின் பாக்டீரியா ஒட்டி வாழ செராமிக் ரிங் அல்லது துளைநிறைந்த கட்டிகள். கடைசி அறையில் மேலேற்றும் மோட்டார். 3000 லிட்டர் என்று எழுதிய மோட்டார் 4 அடி உயரமும் இரண்டு வளைவும் ஏறும்போது 2000 லிட்டருக்குக் கீழேதான் தரும். நமக்கு மணிக்கு 1500 லிட்டர் வந்தாலே போதும்.

ஸ்கிம்மர் தொட்டியின் அளவைப்போல் இரண்டு மடங்குக்கு, அதாவது 500 லிட்டருக்கு, ஏற்றதாக இருக்கட்டும். பழைய ஸ்கிம்மர் என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஓர் இரவு ஊற வையுங்கள். காற்று இழுக்கும் குழாயின் வாயில் உப்பு படிந்து அடைத்திருப்பதுதான் பழைய ஸ்கிம்மர்களின் பெரும்பாலான கோளாறு. அதை விட்டுவிட்டுப் புது மோட்டார் வாங்குகிறவர்கள் உண்டு. பாவம்.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். நம் தொட்டியில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 5.4 லிட்டர். சம்பில் 1 சென்டிமீட்டருக்கு 3 லிட்டர். மோட்டார் நின்றதும் மேலே இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினால், கீழே நாலரை சென்டிமீட்டர் ஏறும். அது பரவாயில்லை. ஆனால் தண்ணீர் மேலேறும் குழாயின் வாய் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அதே குழாய் வழியாகத் தண்ணீர் தானே பின்னோக்கி இழுபட்டு, அதாவது சைஃபன் பிடித்து, 54 லிட்டர் இறங்கும். சம்பில் 18 சென்டிமீட்டர் ஏறி, 43-க்குப் போகும். சம்பின் உயரமோ 40. மிச்சம் உங்கள் தரையில். அந்தக் குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே 4 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். உப்பு அந்தத் துளையை அடைக்கும் என்பதால் மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். சுவிட்சை நீங்களே மூன்று முறை அணைத்துப் பாருங்கள்.

ஈல் நுழையாத ஓட்டை கிடையாது. வழிந்தோடும் வாயில் சீப்புப் பல் போன்ற தடுப்பு மட்டும் வைத்தால் இளம் ஈல் நழுவிக் குழாய்க்குள் போய்விடும். பிளாஸ்டிக் வலை கட்டுங்கள். தொட்டி மூடியில் வயருக்கு, குழாய்க்கு விட்ட இடைவெளிகளையும் வலையால் அடைத்து, மூடிமேல் எடை வையுங்கள். பாறைகளை முதலில் கண்ணாடி அடியிலேயே நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் அடுக்கினால் ஈல் அடியில் தோண்டிச் சரித்துவிடும்.

இடம் மாற்றும் நாளுக்கு வருவோம். வெறும் தொட்டி என்றால் அம்மோனியம் குளோரைடு போட்டு 4 முதல் 6 வாரம் பாக்டீரியா வளர்க்கலாம். ஈல் கையிலிருக்கும்போது அந்த அவகாசம் கிடையாது. ஆகவே பாக்டீரியாவைப் பழைய வீட்டிலிருந்தே சுமந்து வர வேண்டும். அது தண்ணீரில் அதிகம் இருப்பதில்லை, பாறையிலும் செராமிக்கிலும்தான் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் பழைய தொட்டி நீரில் முழுக்கி, காற்று பம்போடு டிரம்மில் கொண்டு வாருங்கள். குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் கொன்றுவிடும். பழைய மணலை மட்டும் எறிந்துவிடுங்கள். கிளறினால் அடியில் தேங்கிய அழுக்கும் அழுகின முட்டை நாற்றமும் கிளம்பும்.

புது உப்புநீரை முந்தின நாளே கலக்கி வையுங்கள். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 36 கிராம் கடல் உப்புக் கலவை. சமையல் கல்லுப்பு உதவாது, உப்பளத்திலேயே அதன் மெக்னீசியமும் கால்சியமும் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன. அடர்த்தி 1.024, வெப்பம் 26 டிகிரி. ஈலுக்கு மூன்று நாள் முன்பே உணவை நிறுத்துங்கள், வழியில் கக்காமல் இருக்கும். வலையில் அள்ளாமல், அது பதுங்கும் பிவிசி குழாயோடு இரு முனையும் வலையால் மூடித் தூக்குங்கள்.

புதுத் தொட்டியில் முதல் ஒரு வாரம் சாப்பாடு வேண்டாம். ஈல் பசி தாங்கும். அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். கால் பிபிஎம், அதாவது லிட்டருக்குக் கால் மில்லிகிராம், தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பூஜ்யமாகவே நின்றால் எட்டாம் நாள் பாதி இறால் கொடுத்து, மறுநாள் மீண்டும் சோதியுங்கள். அதன்பிறகு வாரம் இருமுறை முழு உணவு. இரண்டு வேளையும் சேர்ந்து நைட்ரேட்டை வாரத்துக்கு 10 முதல் 15 பிபிஎம் வரை ஏற்றும். எனவே வாரம் 20 சதவீதம் மாற்றினால் அளவு 50 முதல் 75 பிபிஎம் வரை ஏறித்தான் நிற்கும், 30 சதவீதம் மாற்றினால்தான் 40 பிபிஎம் பக்கம் நிற்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

இறால் போட்ட அன்று ஸ்கிம்மரில் நுரை சட்டென்று அமுங்கிவிடும். உணவின் எண்ணெய்ப் பசை குமிழியை உடைப்பதால் வருவது. திருகில் கை வைக்காமல் சில மணி நேரம் விட்டால் நுரை தானே எழும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டவர்களின் கோப்பைதான் இரவில் பொங்கி வழியும்.