மரம் வெட்டியாச்சு, குவியல் எங்கே போகும்?

வணக்கம் நேயர்களே.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைத் தெருக்களில் இரண்டு விசாரிப்புகள் சேர்ந்தே கேட்கும். எந்தத் தெருவில் மரம் சாய்ந்திருக்கிறது? எந்த பஸ்ஸை எந்த வழியில் திருப்பிவிட்டிருக்கிறார்கள்? இரண்டையும் வேறு வேறு துறைகள் கவனிப்பதால் வேறு வேறு சங்கதி என்றே நினைத்துவிடுகிறோம். தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில், சாலையோரத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் சென்னைக்குத் தண்ணீரால் வந்த கஷ்டம். 2016 டிசம்பர் 12ஆம் தேதி கரை கடந்த வர்தா, காற்றால் வந்தது. நிழலுக்காகவும் பூவுக்காகவும் வரிசை வரிசையாக வைத்த மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட்டும் தாரும் நெருக்கினால் வேர் பக்கவாட்டில் ஓட வழியிருக்காது. போதாக்குறைக்கு, கால்வாய்க்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிடுவார்கள். தலைக்கனம் கூடிய மரம், ஈரமண், பலத்த காற்று மூன்றும் சேர்ந்தால் வெட்டுப்பட்ட பக்கத்தில் பிடிமானம் இல்லாமல் மரம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும்.

மரம் விழுந்ததும் முதல் வேலை கத்தியை எடுப்பதல்ல. மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். தெருவில் கரண்ட் இல்லை என்பதை நம்பி நெருங்கக்கூடாது. ஒரு வீட்டு ஜெனரேட்டரைச் சரியான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், அந்த மின்சாரம் பின்வழியாகத் தெருக்கம்பிக்கு வந்துவிடும். மின்வாரிய ஊழியர் லைனைத் துண்டித்து, எர்த் செய்து, சொன்ன பிறகுதான் கிட்டே போகவேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாநகராட்சிக்கு 1913. புகார் சொல்லும்போது 'பிள்ளையார் கோவில் பக்கத்தில்' என்றால் போதாது. அருகிலுள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். தேடும் நேரம் மிச்சமாகும்.

அடுத்து, அறுப்பது. முதலில் நுனிக் கிளைகள், பிறகு பெரிய கிளைகள், கடைசியில்தான் அடிமரம். தரையில் ஊன்றி வளைந்து நிற்கும் கிளை, இழுத்துக் கட்டிய வில் மாதிரி. விறைப்பாக இழுபடும் பக்கத்தில் ஒரேயடியாக அறுத்தால் படீரென்று விடுபட்டு அறுப்பவர் முகத்தில் அடிக்கும். நசுங்கி நிற்கும் பக்கத்தில் முதலில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்துவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம் அறுக்கவேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து வேர்ப்பக்கம். அடிமரத்தைத் துண்டித்தவுடன் பாரம் போய்விடுவதால், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கட்டை திடீரெனப் பழையபடி குழிக்குள் உட்காரும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் நிற்பது பெரும்பாலும் அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான்.

மெஷின் வாள் வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பல வாள்களில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பார்கள். உங்கள் வாளின் குறிப்பேட்டில் உள்ள அளவே முடிவானது. செயினுக்கான ஆயில் வேறு, அதைத் தனியாக ஊற்றவேண்டும். அறுக்கும்போது செதில் செதிலாக வந்தால் செயின் நன்றாக இருக்கிறது. மாவு போல வந்தால் மழுங்கிவிட்டது. அதற்குமேல் அழுத்தினால் வாள் உதைக்கும். நம் ஊர் மரங்களில் செயின் சீக்கிரம் மழுங்கக் காரணம் ஆணி. டியூஷன் விளம்பரம், வாடகை வீடு, பேயிங் கெஸ்ட் போர்டு என்று அடித்த ஆணியெல்லாம் பட்டைக்குள் மறைந்து கிடக்கும். ஆளுயரம் வரைக்கும் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வாளை வையுங்கள்.

துண்டுகளை எவ்வளவு நீளம் போடுவது? ஒரு அடி குறுக்களவுள்ள பச்சை மரம் நாலடி நீளத்தில் ஏறக்குறைய 70 கிலோ வரும். இரண்டு பேர் தூக்க அதுவே அதிகம். அதைவிடப் பருமனானது கிரேனுக்கோ ஜேசிபிக்கோதான்.

இதோடு சாலை திறந்துவிட்டது என்று எல்லோரும் கலைந்துபோகிறார்கள். உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வெட்டியதை ஓரமாகத் தள்ளுகிறோமே, அந்த ஓரத்தில் என்னென்ன இருக்கிறது? மழைநீர் வடிகாலின் வாய், வண்டல் வடிகட்டித் தொட்டி, நடைபாதை, பஸ் நிறுத்தம். இலைக்குவியல் அடுத்த மழையில் கரைந்து கம்பி வலையில் அப்பிக்கொள்ளும். காற்றில் விழுந்த மரத்தால் தண்ணீர் தேங்குவது இப்படித்தான். வடிகால் வாயிலிருந்து இரண்டு பக்கமும் பத்தடியாவது விட்டுக் குவியுங்கள்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவோம். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 முதல் ஓட்டும் புதிய தாழ்தளப் பேருந்துகளின் தளம் சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரம். 150 மில்லிமீட்டர் உயர நடைபாதையை ஒட்டி நின்றால், சக்கர நாற்காலி ஏறவேண்டியது 250 மில்லிமீட்டர். குவியல் கிடப்பதால் பஸ் நடுச்சாலையில் நின்றால் சாய்தளப் பலகை சாலையிலேயே இறங்கும், ஏற்றம் முழு 400 ஆகிவிடும். தள்ளுபவருக்கு அந்த வித்தியாசம் கையில் தெரியும். கர்ப்பிணிகளும் முதியவர்களும்கூட ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கித்தான் ஏறவேண்டும்.

குவியலைப் பிரித்து வைப்பதும் முக்கியம். இலை, சிறு கிளை ஒன்று. கட்டை ஒன்று. தகரம், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ், பிளெக்ஸ், கண்ணாடி மூன்றாவது. தோட்டக்கழிவை அரைக்கும் இயந்திரம் கொள்ளளவை நாலில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ ஆக்கிவிடும், லாரி நடை மிச்சம். ஆனால் ஒரு தகரத் துண்டு சிக்கினால் பிளேடு போச்சு. அதனால்தான் கலந்த குவியலை அரைக்காமல் அப்படியே குப்பைக்கிடங்குக்கு ஏற்றுகிறார்கள். பூவரசின் நல்ல கிளைகளை மட்டும் எடுத்து வையுங்கள். ஆளுயரப் போத்தாக வெட்டி ஈரமண்ணில் நட்டால் துளிர்க்கும்.

இனி இதில் மெட்ரோ எங்கே வருகிறது என்று பார்ப்போம். 118.9 கிலோமீட்டருக்கு ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்த இரண்டாம் கட்டத்தின் பணிகள், மயிலாப்பூர், ஆற்காடு சாலை, பழைய மகாபலிபுரம் சாலை என்று நெரிசலான இடங்களில்தான் நடக்கின்றன. ஒரு சாலையை அடைத்தால் வண்டிகள் பக்கத்துச் சாலைகளுக்குப் போகும். மாநகராட்சி சாலைகளைப் பேருந்துத் தடச் சாலை, உட்புறச் சாலை என்று பிரித்து வைத்திருக்கிறது. புயலன்று ஆளும் இயந்திரமும் முதலில் போவது பேருந்துத் தடத்துக்கு. தற்காலிகமாக பஸ் ஓடும் உட்புறச் சாலை அந்தப் பட்டியலில் ஏறாமல் விட்டுப்போக இடமிருக்கிறது. அங்கே ஒரே ஒரு மரம் விழுந்தால் மொத்தத் தடமும் நின்றுபோகும்.

மரம் முழுதாக விழவேண்டியதுகூட இல்லை. பத்தடி உயரத்தில் ஒரு கிளையோ கேபிள் டிவி ஒயரோ தொங்கினால் காரும் ஆட்டோவும் கவலையில்லாமல் போகும், பஸ்ஸின் கூரை இடிக்கும். டிரைவர் திரும்ப இடமில்லாத தெருவில் ரிவர்ஸ் எடுக்கவேண்டியதுதான்.

மழைக்கு முன்னால், வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டத்தில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள். உங்கள் பகுதியில் இப்போது பஸ் திருப்பிவிடப்படும் தெருக்களின் பெயர்கள், முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி. அந்தத் தெருக்களில் தாழ்வாகத் தொங்கும் கிளைகளும் ஒயர்களும், கம்ப எண்ணோடு. வெட்டிய மரத்தைத் தற்காலிகமாகக் கொட்ட ஒரு காலி இடம். லாரி நுழையும் அகலம் இருக்கவேண்டும், நீர்நிலைக் கரையாக இருக்கக்கூடாது. மனு கொடுத்ததற்கு ரசீது எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ வேலை நகர நகரப் பஸ் வழியும் மாறும் என்பதால், அடுத்த கூட்டத்தில் தெருப்பெயர்களைத் திருத்தி மறுபடியும் கொடுக்கவேண்டியிருக்கும்.

வணக்கம்.