அந்த ரூட்டில் வண்டி போகாது

நடுவர் அவர்களே, செத்தவர்களையெல்லாம் சொர்க்கத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, மடியில் பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'வீட்டில் ஒருவர் இறந்துபோனால், சின்னப் பிள்ளைக்கு ஆறுதல் தருவது சொர்க்கக் கதையா, உள்ளதைச் சொல்வதா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, 'பிஞ்சு மனசு தாங்காது, சாமிகிட்ட போயிட்டாருன்னு சொல்லுங்க, பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்' என்றார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அந்தக் கட்சிதான் அய்யா.

என் மாமனார் காலமானபோது... மன்னிக்கவும், இறந்தபோது, என் மகளுக்கு நாலு வயசு. கூடத்தில் ஐஸ் பெட்டி. மேல் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. இவள் பாவாடை நுனியால் அதைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தாள். 'தாத்தாவுக்குக் குளிராதாம்மா?' என்றாள். சுற்றி முப்பது பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. பெரிய நாத்தனார்தான் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'தாத்தா சாமிகிட்ட போயிட்டாருடா கண்ணு, சொர்க்கத்துல இருக்காரு' என்றார். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தோம்.

எங்கே முடிந்தது? காரியமெல்லாம் ஆகி அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வாரம், ஒருநாள் சாயங்காலம் பையைத் திறக்கிறேன். டிபன் டப்பாவுக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றிய மாமனாரின் மூக்குக்கண்ணாடி! 'தாத்தா மறந்து வச்சிட்டுப் போயிட்டாரும்மா. சாமி வீட்டுல எப்படிப் பேப்பர் படிப்பாரு? அதான் வேன் அங்கிள்கிட்ட குடுத்துவிடலாம்னு.' அந்த மனிதரிடம், சொர்க்கம் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த ரூட்ல நம்ம வண்டி போகாதும்மா.' நியாயமாக இன்றைக்கு எங்கள் அணிக்குத் தலைமை தாங்க வேண்டியவர் அவர்தான்.

நாங்கள் சொன்னது ஆறுதல். அவள் காதில் விழுந்தது விலாசம். விலாசம் இருந்தால் போகலாம், வரலாம், சாமான் கொடுத்தனுப்பலாம், இல்லையா? இது என் மகளுடைய புத்திசாலித்தனம் மட்டும் இல்லை. மரியா நாகி என்ற ஆய்வாளர் ஹங்கேரியில் மூன்றிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்து 1948-ல் எழுதினார். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சாவு என்பது ஊருக்குப் போனது மாதிரி, தூங்குவது மாதிரி. அது முடிவு என்றே தெரியாது. அந்த வயசில் போய் நாம் 'போயிட்டார்' என்றால், எப்ப வருவார் என்றுதான் கேட்கும்.

எதிரணியில் அடுத்துப் பேச இருப்பவர் தமிழாசிரியர். 'உறங்குவது போலும் சாக்காடு' என்று வள்ளுவரைக் கூட்டிக்கொண்டு வருவார். நானே முந்திக்கொள்கிறேன். அய்யா, அது துறவறவியலில், நிலையாமை அதிகாரத்தில் இருக்கிறது. எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொன்னது இல்லை. 'தாத்தா தூங்குறாரு' என்று சொல்லி, தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு வந்து, அன்று ராத்திரியே 'சமர்த்தா தூங்கு' என்றால் எந்தப் பிள்ளை கண்ணை மூடும்? அதே அதிகாரத்தில் 'நெருநல் உளனொருவன் இன்றில்லை' என்றும் இருக்கிறதே. நேற்று இருந்தார், இன்று இல்லை. அதைச் சொல்லுங்கள் என்கிறேன்.

'நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு' என்பது இன்னொன்று. பிள்ளை அன்றிலிருந்து சேட்டை பண்ண ஆரம்பித்தால் அடிக்காதீர்கள், அது உயிர் பிழைக்கப் பார்க்கிறது.

எங்களை நாத்திகர் அணி என்று சகோதரி கிண்டல் செய்தார். கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற சிறுவன் யமனிடமே போய், செத்தபின் என்ன என்று கேட்கிறான். யமன் என்ன சொர்க்கத்தின் கதையா சொன்னான்? 'தேவர்களுக்கே இதில் சந்தேகம் உண்டு, வேறு ஏதாவது கேள்' என்றான். யானை தருகிறேன், குதிரை தருகிறேன் என்றான். நாம் செல்போன் கொடுக்கிறோம் இல்லையா, அதே கணக்கு. பையன் அசையவில்லை. இதில் யமனுக்கே இருந்த தயக்கம், நாத்தனாருக்கு இல்லை.

சொர்க்கத்தைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதை இரண்டாவதாகச் சொல்லுங்கள். முதலில், 'தாத்தா செத்துட்டாரு. அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. மூச்சு இல்லை, பசி இல்லை, குளிராது, வலிக்காது. திரும்பி வரமாட்டாரு. நீ எதுவும் தப்புப் பண்ணலை.' அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தாத்தாவிடம் சண்டை போட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று பிள்ளைகள் தனக்குள் வைத்துக்கொண்டு திரியும். அப்புறம், 'சாமிகிட்ட இருக்காருன்னு அம்மா நம்பறேன்' என்று சொல்லுங்கள்.

இது வெள்ளைக்காரன் பழக்கம் என்பீர்கள். சரி, அவர்களும் செய்தார்கள். அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரராக நடித்தவர் 1982-ல் இறந்தபோது, ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று கதை கட்டவில்லை. இறந்துவிட்டார், வரமாட்டார் என்று 1983-ல் பிள்ளைகளுக்கே சொன்னார்கள். ஆனால் நம் ஊரில் நெய்ப்பந்தம் பிடிப்பது யார்? பேரப்பிள்ளைகள்தானே! கையில் பந்தத்தைக் கொடுத்து, தாத்தாவைச் சுற்றிவரச் செய்தவர்கள் நம் பாட்டன்மார். எட்டத்தில் நிறுத்தவில்லை. நாம்தான் இன்றைக்குப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அன்று சாயங்காலம் மூக்குக்கண்ணாடியை நடுவில் வைத்துக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் கேட்டாள், 'நீயும் செத்துருவியா?'

'ஆமா. ஆனா ரொம்ப நாள் இருக்கணும்னுதான் அம்மா நினைக்கிறேன்.'

அவளுக்கு நூறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். 'நூறு நாளா?'

'அதுக்கு மேலயும்.'

கொஞ்ச நேரம் யோசித்தாள். கண்ணாடியைத் துடைத்து, மாமனாரின் பேப்பர் மேலேயே வைத்தாள். 'சரி, தோசை ஊத்து' என்றாள்.

நன்றி, வணக்கம்.