கைல நிக்காத காசும் ஒதுக்கி வச்ச ஆளும்

நேயர்களுக்கு வணக்கம். கொடுத்த நேரம் கொஞ்சம்தான், அதனால நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

"அவனுக்கு காசு கைல நிக்காதுப்பா, நாளைக்குன்னு ஒரு யோசனையே கிடையாது." இந்த டயலாக்கை நாம யாரைப் பத்தி சொல்றோம்னு கொஞ்சம் கவனிங்க. பெரும்பாலும் வீட்டுல சேர்க்காத தம்பி, விசேஷத்துக்கு யாரும் பத்திரிகை வைக்காத சித்தப்பா, ஆபீஸ்ல எல்லாரும் டீ குடிக்கக் கிளம்பறப்ப சீட்லயே உக்காந்திருக்கற ஆளு, இப்படித்தான் இருக்கும். பொறுப்பு இல்ல, அதான் ஒதுக்கிட்டோம்னு சொல்லுவோம். ஒதுக்கினதாலயே நாளைக்குன்னு காத்திருக்கற பொறுமை போயிருக்கலாமேன்னு நமக்குத் தோணறது இல்ல.

அமெரிக்காவுல ஜீன் ட்வெங்கி, ராய் பாமைஸ்டர்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், இன்னும் சிலர் சேர்ந்து 2002, 2003 வாக்குல இதைப் பரிசோதிச்சுப் பார்த்தாங்க. காலேஜ் பசங்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, நிரப்பி முடிச்சதும் உன் குணத்தை வச்சு உன் எதிர்காலத்தைச் சொல்றோம்னாங்க, கிட்டத்தட்ட ஜோசியம் மாதிரிதான். சில பேர்கிட்ட உனக்கு கடைசி வரைக்கும் நல்ல உறவுகள் இருக்கும்னு சொல்லி, சில பேர்கிட்ட இப்ப இருக்கற ப்ரெண்ட்ஸ் எல்லாம் கொஞ்ச வருஷத்துல விலகிடுவாங்க, கடைசில நீ தனியாத்தான் இருப்பேன்னு சொல்லிட்டாங்க. எல்லாம் பொய், முடிஞ்சப்புறம் உண்மையைச் சொல்லிடுவாங்க, ஆனாலும் கேக்கறப்பவே மனசு ஒரு மாதிரி ஆகுது இல்லையா? இதுல சாமர்த்தியம் என்னன்னா மூணாவதா ஒரு கூட்டத்துக்கு உனக்கு அடிக்கடி ஆக்சிடென்ட் ஆகும், கை கால் உடையும்னு சொன்னாங்க. கெட்ட செய்தி கேட்ட வருத்தம்தான் காரணம்னா இவங்களும் அதே மாதிரி நடந்திருக்கணும். அப்படி நடக்கல. தனியா இருப்பேன்னு கேட்டவங்கதான் உடம்புக்கு நல்லதை விட்டுட்டு ருசிக்குச் சாஞ்சாங்க, தேவையில்லாத ரிஸ்க் எடுத்தாங்க, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப் போட்டாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது நேரம் பத்தின கணக்கு. இன்னொரு சோதனைல பசங்களைக் கூட்டமா பேச விட்டு, சில பேர்கிட்ட உன்கூட வேலை செய்ய எல்லாருக்கும் இஷ்டம்னும், சில பேர்கிட்ட யாருக்குமே இஷ்டம் இல்லன்னும் சொன்னாங்க. அப்புறம் ஒரு 40 வினாடி ஓட விட்டு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் இஷ்டம்னு கேட்டவங்க கிட்டத்தட்ட சரியாச் சொன்னாங்க, யாருக்குமே இஷ்டம் இல்லன்னு கேட்டவங்க ஒரு நிமிஷத்துக்கும் மேலன்னு சொன்னாங்க. அப்ப பாருங்க, ஆறு மாசம் பொறுத்துக்கோன்னு நாம சுலபமா சொல்லிடறோம், ஆனா அந்த ஆறு மாசம் அவங்களுக்கு ஆறு மாசமாவா தெரியும்?

இன்னொண்ணு சின்னக் குழந்தைங்க. ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயை வச்சிட்டு, நான் வர்ற வரைக்கும் திங்காம இருந்தா ரெண்டு தருவேன்னு சொல்ற டெஸ்ட் எல்லாருக்கும் தெரியும், அதை வச்சு பொறுமை பத்தி ஏகப்பட்ட மோட்டிவேஷன் வீடியோ வேற வந்தாச்சு. 2013-ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அமெரிக்காவோட ராசெஸ்டர் யுனிவர்சிட்டில செலஸ்ட் கிட்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, மிட்டாயை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணாங்க. குழந்தைகிட்ட பழைய க்ரேயான்ஸ் கொடுத்து, இரு, நல்லதா எடுத்துட்டு வர்றேன்னு போனாங்க. பாதிப் பேருக்கு நிஜமாவே கொண்டு வந்தாங்க, மீதிப் பேருக்கு சாரிம்மா இல்லையேன்னு வெறுங்கையோட வந்தாங்க. ஸ்டிக்கர் வச்சும் இதே கதை. அப்புறம்தான் மிட்டாய். ஏமாறாத குழந்தைங்க சராசரியா 12 நிமிஷம் பொறுத்தாங்க, ஏமாந்தவங்க 3 நிமிஷம். 15 நிமிஷமும் தாக்குப் பிடிச்சது அங்க 14-ல 9 பேர், இங்க 14-ல ஒரே ஒருத்தர். வாக்கு தவறறதும் ஒதுக்கறதும் ஒண்ணு இல்ல, ஆனா ஒதுக்கப்பட்டவனுக்கு ரெண்டும் சேர்ந்தேதான் வரும், தன்னைக் கூட்டத்துல வச்சுக்காதவங்க சொல்ற 'அப்புறம் தர்றேன்'-ஐ எவன் நம்புவான்?

இதை ஏலச்சீட்டுல பாத்தா நல்லாப் புரியும். 20 பேர், மாசம் 1,000, 20,000 ரூபாய் சீட்டுன்னு வைங்க. அவசரம் இருக்கறவர் 6,000 தள்ளி 14,000-க்கு எடுத்துப்பார், அந்த 6,000 கமிஷன் போக எல்லாருக்கும் கசரா, அதாவது லாபப் பங்கா, பிரியும். பொறுத்துக் கடைசில எடுக்கறவருக்கு லாபம். ஆனா அந்த லாபத்தைப் பாக்கணும்னா முதல்ல சீட்டுல சேர்த்துக்கணுமே! நடத்தற அக்கா யாரு என்னன்னு விசாரிப்பாங்க, ரெண்டு பேர் ஆமா தெரியும்னு சொல்லணும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவருக்கு இருக்கறது காலைல 900 வாங்கி சாயங்காலம் 1,000 கட்டற வட்டிதான். ஊர்விலக்கு வச்ச குடும்பம்னா இன்னும் மோசம், தண்டம் கட்டினாத்தான் திரும்பச் சேர்ப்போம்பாங்க, அதுக்கும் வட்டிக்கு வாங்கணும். மகாராஷ்டிரால 2016-ல இந்த மாதிரி ஒதுக்கி வைக்கறதுக்கு எதிராவே தனிச் சட்டம் போட்டாங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடணும். அந்தக் காலேஜ் பசங்க சோதனை எல்லாம் கொஞ்ச நேர விஷயம், சாதி பாத்து தலைமுறை தலைமுறையா ஒதுக்கினதை அந்த ரூமுக்குள்ள அளக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்துலேர்ந்து வந்து பிள்ளைங்களைப் படிக்க வச்சவங்க பொறுமை முன்னாடி நம்ம பொறுமை எல்லாம் எந்த மூலைக்கு?

ஆனா 2005-ல பாமைஸ்டர் குழு செஞ்ச சோதனைல ஒண்ணு இருக்கு. உன்கூட வேலை செய்ய யாருக்கும் இஷ்டம் இல்லன்னு கேட்டவங்க பிஸ்கட் தட்டை வச்சதும் மத்தவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தின்னாங்க. ஒதுக்கப்பட்டவங்ககிட்ட கஷ்டமான புதிர் கொடுத்தா சீக்கிரமே விட்டுட்டாங்க. ரெண்டு காதுலயும் வேற வேற பேச்சை ஓட விட்டு ஒண்ணை மட்டும் கவனிக்கச் சொன்னா அதுலயும் தளர்ந்துட்டாங்க. ஆனா இந்தக் கவனிக்கற வேலைக்குக் காசு தர்றோம்னு சொன்னதும், இல்ல தன்னையே பாத்துக்கற மாதிரி எதிர்ல ஒரு கண்ணாடியை வச்சதும், அந்தத் தளர்ச்சி காணாமப் போச்சு. முடியாம இல்ல, முடிஞ்சுது. எதுக்காக அடக்கிக்கணும்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியாம இருந்துச்சு.