பாதி பாஸ்

நடுவர் அவர்களே, பொங்கல் விழாவுக்குக் கூடியிருக்கும் எங்கள் நகர் மக்களே, இரண்டு அணியிலும் பேச வந்திருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘துணையை இழந்தவர் மனதைத் தேற்றுவது வாழ்ந்த வீடா, போகும் பயணமா?’ என்று தலைப்பு. பயணமே என்கிற அணியில் என்னைக் கடைசியாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு 69 வயது. இந்த மேடையின் மூன்று படிகளை ஏற இரண்டு பேர் கைகொடுத்தார்கள். எதிரணித் தம்பி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்ததையும் கவனித்தேன். சிரிக்கட்டும். படிதான் எனக்கு ஆகாது. ரயில் ஆகும்.

எதிரணித் தலைவர் பேராசிரியர். அழகாகப் பேசினார். வாழ்ந்த வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் போனவரின் நினைவு ஒட்டியிருக்கிறது, அதை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினால் ஆறுதல் கிடைக்குமா என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் சார், எந்த வீடு?

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். 1976-இல் கல்யாணம் முடிந்து, லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் வந்து இறங்கியது ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ். என் இரண்டு பிள்ளைகளும் தவழ்ந்தது அந்தச் சிவப்புத் தரையில்தான். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அவர்கள் உயரத்தைக் குறித்து வைத்திருந்தோம். 2013-இல் அவர் ரிட்டயர் ஆனதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தோம். அடுத்து வந்தவர்கள் அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். இப்போது அவர்கள் பிள்ளைகளின் கோடு அங்கே இருக்கும். சொந்தமாகக் கட்டிய வீட்டில் அவர் இருந்தது நாலே வருஷம். 2017 ஆடியில் போய்விட்டார். அந்தச் சுவரைக் கேட்டால், சிமென்ட் விலை ஏறியதையும் மேஸ்திரி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனதையும்தான் சொல்லும்.

சரி, சுவர் வேண்டாம். வீட்டுக்குள் அவர் வைத்துவிட்டுப் போன சாமான்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. சாய்வு நாற்காலி இருக்கிறது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து துணி தொய்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. காலையில் காபிக்கு டிகாக்‌ஷன் இறக்குவேன். ரெண்டு டம்ளர் அளவுக்கே கை பொடியை அள்ளும். ஒரு டம்ளர் அளவுக்குக் கை பழக எனக்கு ஆறு மாசம் ஆனது. அந்த ஆறு மாசமும் ஒரு டம்ளர் காபியை வாஷ்பேசினில் கொட்டினேன். வீட்டில் எதைத் தொட்டாலும் அவர் இல்லை என்பதுதான் கையில் பட்டது. எதிரணி இதை ஆறுதல் என்கிறது. அவர்கள் யாரும் அந்தக் காபியைக் கொட்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வீடு என்றால் நாலு சுவர் மட்டுமா? தெரு, சொந்தம், விசேஷம் எல்லாம் சேர்ந்துதானே. அவர் போன அடுத்த வருஷம் உறவில் ஒரு வளைகாப்பு. சித்ரான்னம் ஐந்து வகையும் நான் கிளறியது. வளையல் போடுகிற நேரம் வந்ததும் ஒரு பெண் மெதுவாக வந்து, “அத்தை, நீங்க உள்ள கொஞ்சம் உட்காருங்களேன்” என்றாள். கெட்ட பெண் இல்லை. காலங்காலமாகச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். நானும் ஒரு காலத்தில் யாரிடமோ அப்படிச் சொல்லியிருப்பேன், யாருக்குத் தெரியும்? எலுமிச்சைச் சாதம் கூடத்துக்குப் போனது, கிளறினவள் அடுப்படியில் இருந்தேன்.

இப்போது பாஸுக்கு வருகிறேன். ரயில்வே குடும்பத்தில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலையில் இருக்கும்போது அவருக்கு வருஷத்துக்கு மூன்று செட் இலவசப் பாஸ், போகவும் வரவும் சேர்த்து ஒரு செட். இந்தியாவில் ரயில் போகிற எந்த ஊருக்கும் குடும்பத்தோடு போகலாம். என்ன செய்தார் தெரியுமா? லால்குடிக்குப் பஸ்ஸில் போய்விட்டுப் பஸ்ஸில் வந்தார். காலையில் சங்கு ஊதினால் உள்ளே, சாயங்காலம் சங்கு ஊதினால் வெளியே. ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தால் அதுதான் அவருக்கு ஊர் சுற்றல். ரயில் பெட்டியின் அடிவயிறு முழுக்கத் தெரிந்த மனுஷன், அதன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தது எண்ணிப் பத்துத் தடவை இருக்கும். கேட்டால், “ரிட்டயர் ஆகட்டும், காசி ராமேஸ்வரம் ஊட்டி எல்லாம் போவோம்” என்பார். ரிட்டயர் ஆனார். வீடு கட்டினோம். வீட்டுக்குக் காவல் இருந்தோம். பேராசிரியர் சார், எங்களைப் போகவிடாமல் வைத்திருந்ததே அந்த வீடுதான்.

ரிட்டயர் ஆனவருக்கு வருஷத்துக்கு இரண்டு செட் பாஸ். அவர் போனபிறகு மனைவிக்கு அதில் பாதி, அதாவது ஒரு செட். அதற்கு விதவை பாஸ் என்று பெயர். முதல் தடவை அதை வாங்க ஆபீஸில் நின்றபோது, கவுன்ட்டரில் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். உடம்பெல்லாம் சுருங்கிப் போனது. ஆனால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தேன். 39 வருஷம் அவர் கை கிரீஸில் ஊறியதற்கு, அவர் போகாமல் விட்ட ஊர்களுக்கெல்லாம் சேர்த்து, எனக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பது இந்தக் காகிதம். முழுப் பாஸில் போகாதவர் பாதிப் பாஸில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள உரிமை உண்டு, இல்லையா?

2018 ஆடியில் முதல் திவசத்துக்கு மகனோடு ராமேஸ்வரம் ரயில். மானாமதுரையில் ஒரு அம்மாள் ஏறினாள், மடியில் ஒரு பந்து மல்லிகை. பேச்சு எதுவும் இல்லை. பூவைக் கிள்ளிப் பெட்டியில் இருந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொரு முழமாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னிடமும் நீட்டினாள். என் கழுத்தைப் பார்க்கவில்லை, நெற்றியைப் பார்க்கவில்லை. நான் தயங்கியதும், “வாடிப் போயிடும்மா, வெச்சுக்கோங்க” என்றாள். வைத்துக்கொண்டேன். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதானா தெரியாது. ஊரில் ஒரு வருஷமாக யாரும் என்னிடம் நீட்டாத பூ அது. அவள் பேர் எனக்குத் தெரியாது, என் கதை அவளுக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொடுத்தாள்.

பாம்பனில் ரயில் ஊர்ந்தது. 1914-இல் திறந்த பழைய பாலம். கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் நடுப் பகுதியைத் தூக்குவார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்து, ஒரு ரயிலே கடலோடு போய், பாலமும் உடைந்தது. ஸ்ரீதரன் என்கிற எஞ்சினியர் 46 நாளில் அதைச் சரிசெய்தார். இதை என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டில் அப்பளத்தை ஒடித்து ஒடித்து வைத்து எத்தனை தடவை விளக்கியிருக்கிறார் தெரியுமா! வீட்டில் கேட்டபோது, “அப்பளத்தைச் சாப்பிடுங்க” என்றுதான் சொல்லியிருக்கிறேன். கீழே கடல் தெரிந்தபோதுதான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பலுக்காக 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. அந்த ஆடி அமாவாசைக்குப் போய்ப் பார்த்தேன். இதை அவருக்கு நான் அப்பளம் வைத்து விளக்கியிருப்பேன்.

எதிரணிச் சகோதரி ஒருவர், பேரன் பேத்தி சிரிப்பில் இல்லாத காசியா என்று கேட்டார். எனக்குச் சிங்கப்பூரில் ஒரு பேரன். இரண்டு தடவை போயிருக்கிறேன். திருச்சியிலிருந்து நேராக விமானம். இறங்கியதும் அடுப்படி, மூன்று மாசம் பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டல், திரும்ப விமானம். அதைப் பயணம் என்று என் அணிக்குக் கணக்கு எழுத மாட்டேன். அது டிரான்ஸ்ஃபர். பேரன் மேல் எனக்கு உயிர்தான். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் பாட்டியாகவே இருந்தால், அவர் ‘ஏ, செல்வம்’ என்று என் பேர் சொல்லிக் கூப்பிட்ட அந்தப் பெண் எங்கே போவாள்? வீட்டில் அவளை யாருக்கும் தெரியாது.

2023-இல் காசி. எங்கள் தெருவிலிருந்து பதினோரு பெண்கள். ராமேஸ்வரத்து மணலைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்துவிட்டு அங்கே போனோம். காசியில் பிடித்தது எதையாவது விடவேண்டும் என்பது வழக்கம். எங்களோடு வந்த ஒருத்தி பாகற்காயை விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை. என் பக்கத்தில் நின்றவள் காதோடு, “உங்க வீட்டுக்காரருக்குப் பிடிச்சதை விடுங்க, புண்ணியம்” என்றாள். அவருக்குப் பிடித்தது கத்தரிக்காய். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுவார். அதை ஏன் விடவேண்டும்? அவருக்கும் சேர்த்து நான் சாப்பிட வேண்டாமா? சௌசௌவை விட்டேன். சில ஊரில் அதைப் பெங்களூர்க் கத்தரிக்காய் என்கிறார்கள். பேரில் கத்தரி இருக்கிறது, கங்கைக்கு அது போதும்.

தம்பி செலவைப் பற்றிப் பேசினார். அதில் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். முன்பு 58 வயதான பெண்ணுக்கு ரயில் கட்டணத்தில் பாதி குறைப்பார்கள். 60 வயதான ஆணுக்கு 40 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. எனக்குப் பாஸ் இருக்கிறது. என்னோடு காசிக்கு வந்த மற்றப் பத்துப் பேர் முழுக் கட்டணம் கொடுத்தார்கள், ஒருத்தி கம்மலை வைத்து. ஆனால் தம்பி, இது ரயில்வேயிடம் கேட்க வேண்டிய கேள்வி, பயணத்தின் குற்றம் இல்லை. அதோடு, பயணம் என்றால் காசிதானா? 2021 மே மாசத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து ஸ்ரீரங்கம், காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் அரை மணி நேரம். அவரைக் கரைத்த படி அது. தண்ணீர் இருந்தால் காலை நனைப்பேன், இல்லாவிட்டால் மணலைப் பார்த்துவிட்டு வருவேன்.

முழங்கால்? வீட்டில் இருந்தாலும் வலிக்கிறது.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. மணியில் உங்கள் கை இருப்பது தெரிகிறது. இரண்டு நிமிஷம்.

ஊட்டி மலை ரயிலுக்கான புது நீராவி எஞ்சின்களைப் பொன்மலையில்தான் கட்டினார்கள். அவர் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷங்கள். அந்த வேலையில் இருந்தபோது ராத்திரி தூக்கத்தில்கூடப் பல்சக்கரம் பற்றிப் பேசுவார். தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்பு ஓடும், எஞ்சின் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். எஞ்சின் முன்னால் இருக்காது, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஊட்டிக்கு அவர் போனதே இல்லை. போன மே மாசம் பேத்தியோடு நான் போனேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7 மணிக்கு மேல் கிளம்பி, வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு காட்டு ஸ்டேஷனில் நின்றது. எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். நான் மெதுவாகப் பின்னால் நடந்து எஞ்சினிடம் போனேன். காக்கிச் சட்டை போட்ட ஊழியர் ஒருவர், “பாட்டி, சூடு, கிட்ட வராதீங்க” என்றார். “பொன்மலையா?” என்று கேட்டேன். “ஆமா பாட்டி, பொன்மலைல கட்டினது” என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சூடில்லாத இடம் ஒன்றைக் காட்டினார். தொட்டேன்.

எண்ணெயும் கரியும் சுடுதண்ணீரும் கலந்த வாசனை. 37 வருஷம் அவர் காக்கிச் சட்டையிலிருந்து சோப்புப் போட்டு, பிரஷ் போட்டு, போகவில்லையே என்று திட்டித் திட்டி நான் துவைத்த வாசனை. வீட்டில் அவர் பீரோவை எத்தனையோ தடவை திறந்து முகர்ந்திருக்கிறேன். நாஃப்தலீன் உருண்டை வாசனைதான் வரும். நன்றாகத் துவைத்துவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு.

பெட்டிக்குத் திரும்பியதும் பேத்தி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். “பாட்டி, கையெல்லாம் கறுப்பு, கழுவிட்டு வா” என்றாள். பசிக்கவில்லை, நீ சாப்பிடு என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். குன்னூர் வரைக்கும் கழுவவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன். வணக்கம்.