லாரன்சும் ஏழு ஜார்ஜுகளும்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இன்று மே 19. 1935-ல் இதே நாளில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் போவிங்டன் ராணுவ முகாம் மருத்துவமனையில் 46 வயது மனிதர் ஒருவர் இறந்தார். பைக்கிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வரும்போதே நினைவில்லை. ஆறு நாள் கிடந்து, கண் திறக்காமலே போய்விட்டார். படையிலிருந்து விடைபெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. பெயர் தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ். படைப் பதிவேட்டில் டி. ஈ. ஷா.

லாரன்ஸ் என்றதும் உங்களில் பலருக்கு ஒட்டகமும் வெள்ளை அங்கியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். 1916-ல் துருக்கியருக்கு எதிராக அரபுகள் கிளர்ந்தபோது, பிரிட்டிஷ் உளவுப் பிரிவிலிருந்து போய் அவர்களோடு சேர்ந்தார். துருக்கியரின் ஹிஜாஸ் ரயில் பாதையைத் தகர்த்தார். 1917 ஜூலையில் அக்காபா துறைமுகம் விழுந்தது, 1918 அக்டோபரில் டமாஸ்கஸ். அப்போது அவருக்கு வயது 30. ஆனால் அரபுகளுக்கு விடுதலை என்று இவர் வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரிட்டனும் பிரான்சும் அந்த நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டு ஒப்பந்தம் செய்திருந்தன. அது இவருக்குத் தெரியும். தெரிந்தே சண்டை போட்டார். ஊருக்குத் திரும்பியதும், அரசர் பதக்கம் அணிவிக்க வந்தபோது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தவை.

கர்னலாக இருந்த மனிதர் 1922-ல், ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில், விமானப்படையின் கடைசிப் படிநிலையில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே பத்திரிகை கண்டுபிடித்து எழுதியது; வெளியே அனுப்பினார்கள். ஷா என்ற பெயரில் டாங்கிப் படையில் சேர்ந்தார். அங்கே மனம் ஒட்டவில்லை. கெஞ்சிக் கேட்டு 1925-ல் மறுபடி விமானப்படை. விளம்பரத்துக்கு அலைந்தார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். அவருக்குள் அந்த ஆசையும் கொஞ்சம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வெறும் விளம்பரத்துக்காக யாரும் பன்னிரண்டு வருடம் பாரக்கில் படுத்து, சின்ன வயது கார்ப்பொரலிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்தில் படையில் இருந்து வந்தவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். காலையில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிற வாழ்க்கையில் ஒரு நிம்மதி உண்டு. பெரிய முடிவுகள் எடுத்துக் களைத்துப்போனவருக்கு அது மருந்து.

அப்படி உத்தரவுக்குள் வாழ்ந்தவர் தானே முடிவெடுக்க வைத்துக்கொண்ட ஒரே இடம் சாலை. இங்கேதான் பைக் வருகிறது.

நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் பிரஃப் சுப்பீரியர் என்ற பைக்கைச் செய்துகொண்டிருந்தார். 1919-ல் தொடங்கி 1940 வரை மொத்தமாகவே சுமார் 3,000 வண்டிகள்தான் வெளியே வந்தன. அதில் எஸ்எஸ் 100 என்ற மாடல், மணிக்கு நூறு மைல் போகும் என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்டது. நூறு மைல் என்றால் 160 கிலோமீட்டர். இருபதுகளின் சாலையையும், அன்றைய டயரையும், அன்றைய பிரேக்கையும் நினைத்துக்கொண்டு இந்த எண்ணைக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஆயிரம் சிசி, வி-ட்வின் எஞ்சின், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர். ஒரு சாதாரண விமானப்படை வீரனின் சம்பளத்துக்கு எட்டவே எட்டாத வண்டி. லாரன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார். எட்டாவதற்கும் சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஜார்ஜ் என்று பெயர்: முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ், இப்படியே அரச வம்சம் மாதிரி ஏழாம் ஜார்ஜ் வரை. பொவனெர்கேஸ் என்றும் கூப்பிடுவார். பைபிளில் இயேசு இரண்டு சீடர்களுக்கு வைத்த பட்டப்பெயர், இடிமுழக்க மக்கள். அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டவர்கள் பெயர்ப் பொருத்தத்தில் குறை சொல்ல மாட்டார்கள்.

1926-ல் ஜார்ஜ் பிரஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு வருடத்தில் ஐந்து பிரஃப் வண்டிகளில் ஒரு லட்சம் மைல் முடித்துவிட்டேன் என்று கணக்குச் சொல்லும் கடிதம். நம் கணக்கில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர். அத்தனையும் லீவு நாட்களிலும் டியூட்டி முடிந்த மாலைகளிலும் ஓட்டியது.

கிரான்வெல் விமானப்படை முகாமில் இருந்தபோது நடந்த ஒரு மாலையை அவரே எழுதி வைத்திருக்கிறார். லிங்கன் நகரத்துச் சாலையில் போகிறார், மேலே ஒரு பிரிஸ்டல் ஃபைட்டர் விமானம் தாழப் பறந்து வருகிறது. விமானி கையாட்டி வம்புக்கு இழுக்கிறார். கீழே இவர் த்ராட்டிலைத் திருகுகிறார். பைக்குக்கும் விமானத்துக்கும் பந்தயம்! கொஞ்ச தூரம் இவர் முந்தியும் விடுகிறார். எல்லோரும் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்தது எனக்கு இன்னும் பிடிக்கும். நகரத்துக்குப் போய், பாரக்கில் கூட இருக்கும் பையன்களுக்கு இறைச்சியும் முட்டையும் வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு, முட்டை உடையாமல் திரும்பி வருகிறார். விமானத்தை முந்தினதும் முட்டையைக் காப்பாற்றினதும் ஒரே கைதான்.

முரட்டு ஓட்டி என்று அவரைச் சொல்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சின் என்றால் அவருக்கு உயிர். 1931-ல் பிளிமத் கடலில் ஒரு பறக்கும் படகு, அதாவது தண்ணீரில் இறங்கும் விமானம், விழுந்து, மீட்புப் படகு மெதுவாகப் போனதைக் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு விமானப்படையின் வேகப் படகுகளை உருவாக்கும் வேலையில்தான் அவருடைய கடைசி வருடங்கள் போயின. அந்தப் படகை ஓட்டவும் பராமரிக்கவும் ஒரு கையேடே எழுதிக் கொடுத்தார். எந்தக் கருவியைத் தொட்டாலும் அதைப் பிரித்துப் பார்த்து, குறை கண்டுபிடித்து, செய்தவருக்கே கடிதம் எழுதுகிற சுபாவம்.

1935 பிப்ரவரி கடைசியில் பணிக்காலம் முடிந்தது. பிரிட்லிங்டன் முகாமிலிருந்து அவர் கிளம்பியது எதில் தெரியுமா? மிதிவண்டியில். கிளவுட்ஸ் ஹில் என்ற தன் சின்ன வீட்டுக்கு வந்தார். வாசலில் பத்திரிகைக்காரர்கள். அவர்கள் போன பிறகு, செய்ய ஒன்றுமில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஓவியர் எரிக் கென்னிங்டனுக்கு எழுதினார்: மரத்திலிருந்து விழுந்த இலைக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று. சீருடையைக் கழற்றிய முதல் சில மாதங்களைப் பற்றி இதைவிடச் சரியாக எழுதப்பட்ட வரியை நான் படித்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, மே 13. தந்தி கொடுக்க போவிங்டனுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். சாலை ஏறி இறங்கிப் போகிற சாலை. எதிரில் இருப்பது பள்ளத்தில் மறையும். முன்னால் சைக்கிளில் இரண்டு சிறுவர்கள். அவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒதுக்கினார், விழுந்தார். ஒரு கறுப்பு காரைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொல்லப்போய், உளவுத்துறைதான் கொன்றது என்றெல்லாம் இன்றுவரை கதை ஓடுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, விட்டுவிடுவோம். ஆதாரம் உள்ளது வேறொன்று: வண்டி இரண்டாவது கியரில் கிடந்தது. அந்த கியரில் அது போகக்கூடிய வேகம் மணிக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். வேக வெறியில் செத்தார் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. விமானத்தோடு பந்தயம் போன நாளில் பிழைத்தவர், சாவகாசமாக வீட்டுக்குத் திரும்பிய நாளில் இறந்தார். தலையில் ஒன்றும் அணிந்திருக்கவில்லை. அன்று யாரும் அணிவதில்லை.

சவ அடக்கத்துக்கு வந்த சர்ச்சில் அழுதார் என்பது எல்லோருக்கும் தெரியும். லாரன்சைப் பார்க்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஹியூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். முதல் உலகப் போரில் பணியாற்றியவர். லாரன்சைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. கணக்கெடுக்கத் தொடங்கினார்.

1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கி முதல் 21 மாதங்களில் பிரிட்டன் சாலைகளில் இறந்த பைக் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்தவர்களும் 2,279 பேர். போருக்கு முந்தைய 21 மாதங்களில் 1,884. விமானக் குண்டுவீச்சுக்கு அஞ்சி விளக்கணைப்பு அமலில் இருந்த இருட்டுச் சாலைகளில், தபால் கொண்டு ஓடிய ராணுவப் பையன்கள் தலை உடைந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஹெல்மெட் போட்டு விழுந்தவர்கள் என்று அவர் பார்த்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே, பணியில் பைக் ஓட்டும் ராணுவத்தினர் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. பொதுமக்களுக்கு வர 1973 ஆகிவிட்டது. கெய்ர்ன்ஸ் இறந்து அப்போது 21 வருடம்.

1973-ல் அந்தச் சட்டம் வந்தபோது பெரிய சண்டை நடந்தது. என் தலை என் இஷ்டம் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். லாரன்ஸ் இருந்திருந்தால் எந்தப் பக்கம் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. முதலில் எதிர்த்து காரசாரமாக ஒரு கடிதம் எழுதியிருப்பார். பிறகு ஒரு ஹெல்மெட்டை வாங்கி, உள்துணியைக் கிழித்துப் பிரித்துப் பார்த்து, இதன் எடையை இன்னும் குறைக்கலாம் என்று அதைச் செய்தவருக்கு நாலு பக்கத்தில் இன்னொரு கடிதம் எழுதியிருப்பார்.

நன்றி, வணக்கம்.