விளக்குக் கம்பமும் மூணே மூணு பிழையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வணக்கம் அவ்வளவுதான். தலைப்பு, பேஸ்பால்ல ஷார்ட்ஸ்டாப் இளைஞரா இருக்கணுமா, அனுபவசாலியா? எங்க அணி அனுபவத்துக்கு. மட்டைக்காரர் ஓடித் தொடற முனைதான் பேஸ்; ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நின்னு பந்தைத் தடுக்கறவர்தான் ஷார்ட்ஸ்டாப். எனக்குத் தந்த நேரம் எதிரணி நண்பர் விட்டுட்டுப் போன ஒரு வார்த்தைக்கே பத்தாது.

என்ன சொன்னார்? "பேஸ்பால்ல முப்பது வயசான ஷார்ட்ஸ்டாப் ஒரு விளக்குக் கம்பம். பந்து பக்கத்துல போகும், அது பார்த்துக்கிட்டே நிக்கும்." கைதட்டினீங்க. நானும் தட்டினேன். எங்க அணிக்கு ஒரு சாட்சியை அவரே கூட்டிட்டு வந்தாரே!

பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கால் ரிப்கன். ஆறடி நாலங்குலம். நிஜமாவே கம்பம்! குனிஞ்சு பந்து பொறுக்குற இடத்துல இவ்வளவு உயரமான்னு சந்தேகப்பட்டாங்க. 1990-ல 161 ஆட்டம் ஆடினார். சீசன் முடியறதுக்குள்ள முப்பது வயசும் ஆச்சு. பந்தைக் கையாள மொத்தம் 680 வாய்ப்பு. பந்தைத் தவறவிட்டது, தப்பா எறிஞ்சதுன்னு பிழை எத்தனைங்க? முப்பதா? பதிமூணா? மூணு! ஆறு மாசத்துல நம்ம வீட்ல காபி டம்ளர் எத்தனை தடவை கை நழுவுது? இந்த மனுஷனுக்கு மூணே மூணு! அந்த வருஷம் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது அவருக்கா போச்சு? இல்லை, 26 வயசு ஓஸி கியேனுக்கு. எதிரணி தாராளமா கைதட்டலாம்.

கம்பம் எப்படிப் பிடிச்சது? மட்டைக்காரருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கிறவர் கேட்சர், பந்து எறியறவர் பிட்சர். அவர் காலத்துல என்ன பந்து போடணும்னு கேட்சர் பிட்சருக்குக் காட்டற விரல் சைகை, ஷார்ட்ஸ்டாப் நிக்கிற இடத்துல இருந்து தெரியும். வலதுகை ஆட்டக்காரருக்கு மெதுவான பந்துன்னா மட்டை சீக்கிரம் சுத்தும், அதனால மூணாவது பேஸ் பக்கம் ரெண்டடி. வேகப்பந்துன்னா மட்டை பிந்தும், ரெண்டாவது பேஸ் பக்கம் ரெண்டடி. அதையும் பிட்சர் கை தூக்கின பிறகுதான் நகரணும். முன்னாடியே நகர்ந்தா எதிராளிக்கு என்ன பந்துன்னு தெரிஞ்சுடும். நண்பரே, கம்பம் ஓடலை. பந்து வர்ற தெருவுல முன்னாடியே நட்டு வெச்சிருந்தாங்க!

இளைஞன் கை வேகம், ஒத்துக்கறேன். 2022-ல ஷார்ட்ஸ்டாப்பா ஆடின இளைஞர் ஒனீல் க்ரூஸ் மணிக்கு 97.8 மைல் வேகத்துல எறிஞ்சார். ஆனா மட்டைக்காரர் முதல் பேஸைத் தொட சுமார் 4.3 நொடி ஆகும், பந்து அதுக்குள்ள அங்க போனா போதும். கைபலம் இருக்கேன்னு இளைஞன் பந்தைத் தன்கிட்ட வரவிடுவான். அது பாதி எழும்பின நிலையில வந்து மணிக்கட்டுல இடிக்கும். பதறி, காலை ஊனாம எறிவான், பந்து முதல் பேஸ்காரர் தலைக்கு மேல பறக்கும். 2024-ல இன்னொரு ஷார்ட்ஸ்டாப் எல்லி டி லா க்ரூஸுக்கு 29 பிழை. 22 வயசு, பிரமாதமான கை! மூத்தவர் முன்னேறி, பந்து தரையில பட்டுக் கொஞ்சம் எழும்பும்போதே அள்ளிடுவார். கையுறை தரையில இருந்து மேல வரும், மேலிருந்து கீழ போகாது. ஷார்ட்ஸ்டாப் ஓமர் விஸ்கெல் 2006-ல 39 வயசுல தங்கக் கையுறை வாங்கினது இப்படித்தான்.

மணி அடிக்காதீங்க நடுவரே, ஒரே ஒரு காட்சி.

2001 ஜூலை 10, சியாட்டில், நட்சத்திர வீரர்கள் மோதற ஆல்-ஸ்டார் ஆட்டம். ரிப்கனுக்கு 40 வயசு, ஓய்வு அறிவிச்சாச்சு. 1997-லயே அவரை மூணாவது பேஸுக்கு மாத்திட்டாங்க. ஆமா, எதிரணிக்கு ஒரு மதிப்பெண், போட்டுக்கோங்க. அன்னிக்கு ஷார்ட்ஸ்டாப் 25 வயசு அலெக்ஸ் ரோட்ரிகஸ். சின்ன வயசுலேருந்தே ரிப்கனைப் பார்த்து வளர்ந்தவர். ஆட்டம் தொடங்கப் போகுது, அலெக்ஸ் மூணாவது பேஸுக்கு நடந்து வர்றார். "அண்ணே, உங்க இடத்துக்குப் போங்க"ன்னு தள்ளி விடற மாதிரி. ரிப்கன் மாட்டேங்கறார். வெளியில இருந்து மேனேஜர் ஜோ டோரியும் போ போன்னு கையைக் காட்டறார். கடைசியில அந்தக் கம்பம் தன்னோட பழைய தெருவுக்கு நடந்து போச்சுங்க. அரங்கமே ஆரவாரம் பண்ணுச்சு.

நடுவர் அவர்களே, அந்த 25 வயசுப் பையனை இங்க கூப்பிட்டா எந்தப் பக்கம் உட்காருவான்?