அரசரின் வாசலும் ஊரின் நாயும்

நண்பர்களே, எடின்பரோவுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் லின்லித்கோ என்றொரு சின்ன ஊர். ஸ்காட்லாந்து ராணி மேரி 1542-ல் பிறந்த அரண்மனை அங்கேதான், ஏரிக்கரையில் நிற்கிறது. 1746-ல் தீப்பிடித்ததிலிருந்து அதற்குக் கூரை இல்லை.

அரண்மனைக்குப் போகும் வழியில் மேரியின் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் கட்டிய வாசல் ஒன்று இருக்கிறது. அதன் உச்சியில் வரிசையாக நான்கு விருதுச் சின்னங்கள். ஒன்று ஸ்காட்லாந்தின் திஸில். மற்ற மூன்றும் வெளிநாட்டு மன்னர்கள் அவருக்குக் கொடுத்தவை: இங்கிலாந்தின் கார்ட்டர், பிரான்ஸின் புனித மைக்கேல், புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அளித்த பொன் ஆட்டுத்தோல். இந்தக் கடைசி விருதின் அடையாளத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வயிற்றில் பட்டை கட்டித் தூக்கிய செம்மறி, தலை ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம் தொங்க! இப்போது இருக்கும் செதுக்கல்கள் 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவை. யார் யார் தன்னை மதித்தார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மன்னர் கல்லில் சொல்லி வைத்தார்.

சரி, ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது? நகரச் சின்னத்தில் ஒரு கறுப்புப் பெண் நாய். தீவில் நிற்கும் கருவாலி மரத்தில் அதைச் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். கதை இதுதான். ஒருவனை ஏரித் தீவில் பட்டினிபோட்டுக் கொல்லத் தீர்ப்பாகிறது. அவன் வளர்த்த நாய் தினமும் நீந்திப்போய் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கிறது. கண்டுபிடித்தவர்கள் நாயையும் ஒரு தீவில் கட்டிவிடுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, தண்டனை பெற்ற அந்த நாயைத்தான் ஊர் தன் முகமாக வைத்துக்கொண்டது. அந்த ஊரில் பிறந்தவர்கள் இன்றும் அதன் பெயரிலேயே தங்களை 'பிளாக் பிட்ச்' (கறுப்புப் பெண் நாய்) என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். வெளியே அது வசைச்சொல்; அங்கே அது பிறப்புரிமை. அதே பெயரில் இருந்த பழைய மதுக்கடைக்கு 2022-ல் வேறு பெயர் வைத்தபோது ஊரே எதிர்த்துக் கையெழுத்து போட்டதில் எனக்கு வியப்பே இல்லை. வாசல் மன்னருடையது, நாய் அவர்களுடையது.

அப்புறம், ஊர் நடுவே சிலுவைக் கிணறு. பெயர்தான் கிணறு, பார்த்தால் செதுக்கிய கல் நீரூற்று. 1628-ல் கட்டிய பழையதைப் பார்த்து 1807-ல் அப்படியே திரும்பக் கட்டியது. உச்சியில் ஸ்காட்லாந்தின் ஒற்றைக்கொம்புக் குதிரை, அடுக்கடுக்காகச் சிற்பங்கள். அதைச் செதுக்கிய ராபர்ட் கிரே என்ற கல்தச்சருக்கு ஒரு கைதான் என்கிறார்கள். இல்லாத கையின் முனையில் சுத்தியலைக் கட்டிக்கொண்டு, இருந்த கையில் உளியைப் பிடித்து அத்தனையையும் செதுக்கினாராம். அந்த ஊருக்குப் போனால் அரண்மனைக்கு ஓடுவதற்கு முன்னால், அந்தக் கிணற்றை ஒருமுறை நின்று சுற்றிப் பாருங்கள்.